சின்ன மாப்பிள்ளை மட்டும் மங்கலாகத் தெரிந்தது குறித்து

அன்பிற்குரிய சகலை அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் மனைவியின் அக்காவும் உடம்பளவில் சுகம். அங்கு நீங்களும், உங்கள் மனைவியும், உங்கள் கேமராவும், அது நிற்கும் முக்காலியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், உங்கள் வீட்டு அம்மா கேட்பார், கேட்டது சாயங்காலத்துக்குள் என் வீட்டு அம்மாவுக்கு வந்து சேர்ந்துவிடும். குடும்பக் குழுவில் எழுதினால் நம் மாமனார் எதையும் படிக்காமல் கைகூப்பிய பொம்மை ஒன்றைப் போட்டு வைப்பார். ஆகவேதான் தாளும் பேனாவும். மேலும் நான் கிடங்குக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுத்தில் இல்லாத எதுவும் நடந்ததாக என் மனது ஒப்புக்கொள்வதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மாமனார் மாமியாரின் ஐம்பதாவது திருமண நாள் படத்தை எல்லோருமாக உட்கார்ந்து பார்த்து முடித்ததும் நீங்கள் என் தோளில் கை போட்டு, "சகலை, நான் எடுத்த துண்டுகளுக்கு மட்டும் அந்தப் பனி மாதிரி ஒரு மென்மை வந்திருக்கே, எப்படிப் பண்ணினீங்க?" என்று கேட்டீர்கள். நான் "அது தொழில் ரகசியம்" என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போய்விட்டேன். நெடுநேரம் அங்கேயே இருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ரகசியத்தைச் சொல்லவும், அதன்பேரில் உங்களிடம் இரண்டு காரியங்கள் கேட்கவும்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உங்கள்மேல் பொறாமை கிடையாது. போன வருடம் எல்லோரும் கடற்கரைக்குப் போய் வந்தோமே, அதை நீங்கள் பாட்டெல்லாம் சேர்த்துப் படமாக்கி அனுப்பினீர்களே, அதை என் மனைவி பார்த்துவிட்டு "உசிரோட இருக்குங்க" என்றாள். நான் சந்தோஷப்பட்டேன். அதை கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்குக் காட்டினாள், அப்போதும் சந்தோஷப்பட்டேன். தண்ணீர்க் குழாய் சரிபார்க்க வந்தவருக்கு, பல் டாக்டரின் வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு என்று காட்டிக்கொண்டே போனாள். சந்தோஷத்தில் எனக்கு நெஞ்செரிச்சல் வந்துவிட்டது. நான் என் கையால் அறுத்து, இழைத்து, வார்னிஷ் அடித்து அவளுக்கு ஓர் அலமாரி செய்து கொடுத்தேன். அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அவள் சொன்னது ஒரே வார்த்தை. "நிக்குது." அலமாரி நிற்கிறது, சகலை, உங்கள் படம் உயிரோடு இருக்கிறது. இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது சொல்லுங்கள்.

ஆனால் ஒரு மனிதனுக்கு, கட்டிய மனைவி வாயால் ஒரு முறையாவது "நல்லா இருக்கு" என்று கேட்க வேண்டும் என்று ஆசை இருப்பதில் தப்பில்லையே. அதனால்தான் மாமியார், "சின்ன மாப்பிள்ளை எல்லாத்தையும் எடுத்து அழகா படம் பண்ணிடுவார்" என்று ஆரம்பித்தபோது, "இந்தத் தடவை நான் பண்றேன்" என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் ஸ்பூன் சத்தம்கூட நின்றுவிட்டது. மாமியார், "உங்களுக்கு எதுக்கு பெரிய மாப்பிள்ளை வீண் சிரமம்" என்றார். நீங்களாவது எதிர்த்திருக்கலாம். நீங்கள் சிரித்த முகத்தோடு, "ரொம்ப நல்லது சகலை, நான் எடுக்கறதையும் உங்ககிட்டயே கொடுத்துடறேன், எந்தச் சந்தேகம்னாலும் கூப்பிடுங்க" என்றீர்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். நீங்கள் அதற்கும் இடம் கொடுப்பதில்லை.

விழா முடிந்து நீங்கள் பென் டிரைவில் தந்ததையும், நான் போனில் எடுத்ததையும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அது கரண்ட் பில் கட்டவும், உங்கள் மனைவியின் அக்கா சீட்டு விளையாடவும் வாங்கிய கம்ப்யூட்டர். அதற்கு மேல் அதனிடம் யாரும் எதையும் எதிர்பார்த்ததில்லை. எடிட்டிங் செய்ய ஒரு மென்பொருளை இறக்கி, மாமியார் கேக் வெட்டும் காட்சியைப் போட்டேன். கத்தி மேலே போனது. அப்படியே நின்றது. மின்விசிறி மட்டும் உள்ளே உறுமியது. காபி குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மாமியார் கேக்கைச் சாப்பிட்டு முடித்து வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். வெட்டியது எப்போது, ஊட்டியது எப்போது, ஒன்றும் தெரியவில்லை. மறுபடி பின்னால் இழுத்தேன். இப்போது மாமனார் பாதி எழுந்த நிலையில், நாற்காலிக்கும் நிலத்துக்கும் நடுவில், மூச்சுப் பிடிப்பு வந்தவர் மாதிரி நின்றுவிட்டார். பெரியவரை அப்படி நிறுத்தி வைப்பது மரியாதையாக இல்லை என்று கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டேன்.

உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். பெருந்தன்மையாகக் கற்றுக் கொடுத்திருப்பீர்கள். அந்தப் பெருந்தன்மைக்குப் பயந்துதான் எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். செய்தித் தொலைக்காட்சியில் எடிட்டர். தெருவில் அவருக்குக் கத்திரி என்று பெயர், மற்றவர்கள் பேசும்போது பாதியில் வெட்டுவதால். வந்தார், என் நாற்காலியில் உட்கார்ந்தார், பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, தப்பு உங்க மேலயும் இல்ல, கம்ப்யூட்டர் மேலயும் இல்ல" என்றார். "போன்ல எடுக்கறது எல்லாம் அமுக்கி வெச்ச வீடியோ. அதுல ஒவ்வொரு படமும் முழுசா இருக்காது. ஒண்ணு முழுசா இருக்கும். அப்புறம் வர்றது எல்லாம், முன்னாடி இருந்ததுல இது நகர்ந்திச்சு, அது மாறிச்சுன்னு வெறும் குறிப்பு. நீங்க நடுவுல ஒரு இடத்துல வெட்டணும்னு கைய வெச்சா, அது பின்னாடி ஓடி முழுப் படத்தைத் தேடிப் பிடிச்சு, ஒவ்வொரு குறிப்பா சேர்த்து, அந்த இடத்துக்கு மறுபடி வரணும். பாவம், மூச்சு வாங்காதா?"

"அதாவது கிடங்குல முழு இருப்பு எடுக்காம, நேத்து இருந்ததுல ரெண்டு மூட்டை கம்மின்னு எழுதி வெச்ச மாதிரி" என்று நான் ஆரம்பித்தேன்.

"அதேதான்" என்று வெட்டினார். "அதனால எடிட்டிங்குக்கு முன்னாடி அதைத் தயார் பண்ணணும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, எல்லாப் படமும் முழுசு முழுசா இருக்கற மாதிரி விரிச்சு மாத்தறது. வெண்ணெய் மாதிரி ஓடும், ஆனா இடம் ஏகமா தின்னும். இன்னொண்ணு, சின்னதா ஒரு நகல் பண்ணிக்கறது, ப்ராக்ஸின்னு சொல்லுவோம். நகலை வெச்சு வெட்டி ஒட்டுங்க. கடைசியில படத்தை வெளிய எடுக்கும்போது அதுவே நகலைத் தூக்கிட்டு அசலை மாட்டிக்கும். ஆனா ஒண்ணு, அசலை மட்டும் தொடாதீங்க."

நான் தலையாட்டினேன். அவர் டப்பாவைக் காலியாக வைத்துவிட்டுப் போனார்.

இப்போது பிரிவினைக்கு வருகிறேன். நான் எடுத்த துண்டுகளை விரிக்கும் முறைக்கு ஒதுக்கினேன். நீங்கள் எடுத்தவற்றை நகலுக்கு ஒதுக்கினேன். அதிலும் நகல் எந்த அளவில் வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டபோது பட்டியலில் ஆகக் கடைசியில், யாரும் தொடாமல் கிடந்த சின்ன அளவைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாம் இட வசதியை உத்தேசித்துத்தான். உங்கள் துண்டுகள் ஒவ்வொன்றிலும் நீங்கள் கேமராவை முக்காலியில் வைத்து அழுத்திவிட்டு ஓடி வந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, மாமனார் பக்கத்தில் சிரித்தபடி நிற்கிறீர்கள் என்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மாற்றும் வேலை லேசில் முடியவில்லை. கம்ப்யூட்டர் தோசைக்கல் மாதிரி சுட்டது. ஹாலில் இருந்த மேஜை விசிறியை எடுத்து அதற்கு வைத்தேன். உங்கள் மனைவியின் அக்கா வியர்த்துக்கொண்டே, "எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இப்படி விசிறினதில்ல" என்றாள். வேலை முக்கால்வாசி ஆனபோது அவள் இஸ்திரி போட பிளக்கைத் தேடினாள், கிடைத்தது, பிடுங்கினாள். மறுபடி முதலிலிருந்து. அது முடிந்து பார்த்தால் மாமனார் பேச்சில் வாய் மூடிய பிறகும் சத்தம் வந்துகொண்டிருக்கிறது. கத்திரியைக் கேட்டேன். போன், தன் இஷ்டத்துக்கு வேகமாகவும் மெதுவாகவும் படம் பிடிக்குமாம். மாற்றும்போது வேகத்தைச் சீராக வைக்கச் சொல்லி ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட வேண்டுமாம். மாமியார் தற்செயலாக வீட்டுக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "சரியாத்தானே இருக்கு, அவர் எப்பவும் அப்படித்தான், வாயை மூடினாலும் முடிக்க மாட்டார்" என்றார். ஆனாலும் டிக் போட்டு மறுபடி மாற்றினேன்.

அப்போதுதான் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. ஹார்ட் டிஸ்கில் இடமில்லை. என் துண்டுகள் விரிந்து விரிந்து வீட்டை அடைத்துக்கொண்டு படுத்துவிட்டன. எதையாவது வெளியே அனுப்பினால்தான் மேற்கொண்டு நகர முடியும். சகலை, வேலை பார்த்த காலம் முழுக்க எனக்கு ஒரே ஒரு விதிதான். ஒரே சரக்கு இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் ஒன்றைக் கழித்துவிட வேண்டும். அதற்காகத்தான் என்னை மெச்சி ஒரு சுவர்க்கடிகாரம்கூடக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டரில் பார்த்தால், உங்கள் துண்டுகள் அசலாக ஒரு தடவை, நகலாக ஒரு தடவை. அதே மாமனார், அதே மாமியார், அதே நீங்கள், அதே சிரிப்பு. எனக்குக் கை துறுதுறுத்தது. உங்கள் அசல்களை எல்லாம் தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டேன். நீக்கியதை அது குப்பைத் தொட்டியில் வைத்திருந்தது. அதையும் காலி செய்தேன். உங்கள் பென் டிரைவையும் மரியாதைக்காக உள்ளேயும் வெளியேயும் நன்றாகத் துடைத்துத் திருப்பித் தந்தேன். கடைசியில் படத்தை வெளியே எடுக்கும்போது அசல் எங்கே என்று கம்ப்யூட்டர் கேட்டது. நகலைக் கை காட்டினேன். அதற்கு என்ன போயிற்று, ஏற்றுக்கொண்டது.

நீங்கள் கேட்ட பனி மாதிரி மென்மை என்பது அதுதான். தபால் தலை அளவுப் படத்தை மாமனார் வீட்டுப் பெரிய டிவியில் இழுத்துக் கட்டினால் பனிதான் பெய்யும்.

என் கணக்கு என்னவென்றால், நான் கண்ணாடி மாதிரித் தெளிவாகத் தெரிவேன், நீங்கள் கலங்கலாகத் தெரிவீர்கள், பார்ப்பவர்கள் தாமாகவே ஒப்பிட்டுக்கொள்வார்கள். ஒப்பிட்டார்கள். என்னிடம் முக்காலி இல்லாததால் நான் கையை நீட்டி எடுத்த துண்டுகளில் திரை முழுக்க என் முகம்தான். ஒவ்வொரு சுருக்கமும், மூக்கு முடியும், அன்று சவரத்தில் விட்டுப்போன இடமும் பளிச்சென்று தெரிந்தன. மாமியார் பதறிப்போய், "பெரிய மாப்பிள்ளை, உடம்பைப் பார்த்துக்குங்க" என்றார். அடுத்தாற்போல் உங்கள் துண்டு வந்தது. வழுக்கை மறைந்து, தொப்பை கரைந்து, கல்லூரி வாசலில் நிற்கும் பையன் மாதிரி நீங்கள் நிற்கிறீர்கள். மாமியாரின் கன்னத்தில் ஒரு கோடு இல்லை. "இதுல நான் எவ்வளவு சின்னவளா இருக்கேன் பாருங்க" என்று அவர் மாமனாரை இடித்தார். மாமனார் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதையும் பொறுத்திருப்பேன். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அதான் அவரோட கைராசி. அவர் எடுத்தா அப்படித்தான் வரும்" என்றாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். விசிறி வைத்தவன் நான், வெட்டியவன் நான், ஒட்டியவன் நான். கைராசி உங்களுக்கு. அந்தப் பனியும் நான் பெய்ய வைத்தது, சகலை. அதற்கும் உங்களுக்குத்தான் பேர். பாத்ரூமில் நெடுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தது அதனால்தான்.

ஆகவே நான் கேட்கும் இரண்டு காரியங்கள் இவை. உங்கள் கேமராவில் அசல்கள் இன்னும் இருந்தால், அவற்றை உடனே அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காக விரித்து, உங்கள் வழுக்கை, தொப்பை உட்பட உள்ளது உள்ளபடி தெரியுமாறு படத்தைத் திரும்பச் செய்து, எல்லோரையும் உட்கார வைத்துக் காட்டப் போகிறேன். அடுத்து, என் மனைவியிடம் நீங்களே நேரில், "அந்த மென்மை என் கைவேலை இல்லை, அத்தனையும் சகலையின் கம்ப்யூட்டரில் நடந்தது" என்று சொல்ல வேண்டும். அசல்கள் ஏன் அழிந்தன என்று மட்டும் சொல்லத் தேவையில்லை. நீங்கள் நல்லவர், செய்வீர்கள். அந்த நினைப்பே எனக்கு எரிச்சலாக இருக்கிறது என்றாலும் கேட்கிறேன்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் ஆசிகள். உங்கள் கேமராவின் கண்ணாடியில் தூசு படியாமல் இருக்கட்டும். நீங்கள் நீடூழி, என்னைவிடக் கொஞ்சம் குறைவான புகழோடு, வாழ வாழ்த்தும்,

உங்கள் மூத்த சகலை.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குப் பசை தேடி ஹாலுக்குப் போனேன். உங்கள் மனைவியின் அக்கா துணி மடித்துக்கொண்டே டிவியில் அதே படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் மாமனார் பக்கத்தில் சிரிக்கும் இடத்தில் நிறுத்தினாள்.

"மத்த இடமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. இவர் எடுத்ததை மட்டும் ஏங்க இப்படித் தேச்சு வெச்சிருக்கீங்க?" என்றாள்.

நான் ப்ராக்ஸி, இட வசதி என்று ஆரம்பித்தேன்.

"போதும், அன்னிக்கே எனக்குத் தெரியும். தங்கச்சி, 'என்னக்கா, எங்க வீட்டுக்காரர் வர்றது மட்டும் மங்கலா இருக்கு'ன்னு கேக்கறதுக்கு வாயைத் திறந்தா. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. அதுக்குள்ள கைராசி அது இதுன்னு சத்தமா சொல்லி மூடிட்டேன். இல்லன்னா அத்தனை பேர் முன்னாடி உங்க மானம் என்ன ஆயிருக்கும்?"

"கண்ணைத் துடைச்சியே?"

"சிரிப்பை அடக்கினா கண்ணுல தண்ணி வராதா?"

நான் பசையைத் தேடுகிறவன் மாதிரி இழுப்பறையைத் திறந்தேன்.

"அப்படி என்னங்க பொறாமை அவர் மேல?" என்றாள்.

ஒளிக்கத் தோன்றவில்லை. "நீ அவரைச் சொல்ற மாதிரி என்னையும் ஒரு தடவை சொல்லணும், அதுக்குத்தான்" என்றேன்.

அவள் கையில் இருந்த துண்டு பாதி மடித்தபடியே நின்றுவிட்டது. "எனக்காகவா இவ்வளவு கோணங்கித்தனம்?" என்றாள். பிறகு துணியை எல்லாம் ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு, "பக்கத்துல உக்காருங்க, முதல்ல இருந்து போடுங்க" என்றாள். நீங்கள் வரும் இடத்தில் எல்லாம் வாய்விட்டுச் சிரித்தாள். நான் வரும் இடத்தில் என் தாடையைத் திருப்பி, டிவியோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். முடிந்ததும், "இதை யாரும் தொடக் கூடாது, இப்படியே இருக்கட்டும்" என்றாள்.

ஆகவே அசல்களை அனுப்ப வேண்டாம். இவளிடம் எதுவும் சொல்லவும் வேண்டாம். கைராசி உங்களுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். எழுதிய தாளை வீணாக்கும் பழக்கம் எனக்கில்லாததால் மட்டுமே இதை அனுப்புகிறேன். தயவுசெய்து உங்கள் மனைவியின் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய மனைவிக்காக நீங்கள் ஒருநாளும், யார்மேலும், துளிகூடப் பொறாமைப்பட்டதில்லை என்று அவர் தம் அக்காவிடம் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்கிறாராம். பனி மாதிரி மென்மை வேண்டுமானால் சொல்லுங்கள், நானே செய்து தருகிறேன். பொறாமையை மட்டும், சகலை, நீங்களாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.